மழை எச்சரிக்கை இருக்கு, 20 பேரோட குருவி பாக்க நுவரெலியா பக்கம் போகலாமா?

டிக்கோயா பையன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தோட்டத்து இளைஞர் கழகத்துல இருந்து டிசம்பர் லீவுக்கு பிள்ளைகள குருவி பாக்க கூட்டிட்டு போறதா பேசி வச்சிருக்கோம். கிட்டத்தட்ட 20 பேர், பாதிக்கு மேல தரம் 8, 9 படிக்கிற பிள்ளைக, கூட ரெண்டு மூணு அம்மாமாரு, மிச்சம் நாங்க பயலுக. வேனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. பிளான் என்னன்னா விடிய 3 மணிக்கு கெளம்பி நேரா ஹோர்ட்டன் சமவெளி, 6 மணிக்கு கேட் தொறந்தோன உள்ள போயி உலக முடிவுங்கிற மலை விளிம்பு வரைக்கும் சுத்தி நடந்துட்டு, திரும்பி வாற வழியில நுவரெலியால விக்டோரியா பார்க், இருட்டுறதுக்குள்ள வீடு.

இப்ப வங்காள விரிகுடால தாழமுக்கமாம், சனி ஞாயிறு மழை கூடும்னு நியூஸ்ல சொல்றாங்க. அம்மாமாரு ரெண்டு பேரு இப்பவே "மழையில குருவி எங்க வரப்போகுது, பிள்ளைக்கு காய்ச்சல் தான் வரும்"னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. பயலுக சிலர் அதெல்லாம் ஒண்ணும் ஆகாது போவோம்ங்கிறாங்க. எங்ககிட்ட பைனாக்குலர் நாலு தான் இருக்கு, அதுலயும் ஒண்ணு பழசு, உள்ளுக்க பூசணம் மாதிரி இருக்கு. முன்ன பின்ன குருவி பாத்த ஆளு நானும் இன்னொரு தம்பியும் மட்டும்தான்.

தேதிய மாத்தினா வேன் கெடைக்காது, லீவும் முடிஞ்சிரும். மழையில போனா உண்மையிலேயே ஏதாச்சும் பாக்க ஏலுமா, இல்ல சும்மா நனைஞ்சிட்டு வாறதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


பனிமூட்டம்:

தம்பி போகலாம், ஆனா இந்த பிளானோட போகாதீங்க.

மொதல்ல மழைய பத்தி. தூறலும் மிஸ்ட்டும் குருவி பாக்குறவனுக்கு எதிரியே இல்ல, சொல்லப்போனா சில குருவிக்கு அதுதான் நல்ல நேரம். விசிலிங் த்ரஷ் இருக்கு பாருங்க, நம்ம மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லாத குருவி, அது விடியிற நேரமும் பொழுது சாயிற நேரமும் தான் ஓடைப்பக்கம் வெளிய வரும், வெயில் ஏறிச்சின்னா அவ்வளவுதான் உள்ள போயிரும். வானம் மூடி இருட்டிக் கெடந்தா கொஞ்சம் நேரம் கழிச்சும் நடமாடும். தரையில இலைய கிண்டி புழு தின்னுற த்ரஷ் வகையெல்லாம் அப்படித்தான், மழ பெஞ்சு மண்ணு ஈரமா இருந்தா புல்லுக்கே வந்து நிக்கும். பெரிய மழை விட்ட கையோட ஒரு அரை மணி நேரம் இருக்கே, அத விட்டுறாதீங்க. அவ்வளவு நேரம் பட்டினியா ஒதுங்கி இருந்ததெல்லாம் ஒரே நேரத்துல எறங்கி மேயும். வெள்ளைக்கண்ணி கூட்டம் வந்தா அதோட பட்டாணிக்குருவி, மின்சிட்டு, சாம்பத்தலை ஃப்ளைகேச்சர் எல்லாம் ஒண்ணா கலந்து வரும், ஒரு மரத்த பாத்துக்கிட்டு நின்னாலே போதும்.

கொட்டுற மழையில ஒண்ணும் தெரியாது, அது சரி. ஆனா கொட்டுற மழைய விட மோசமானது காத்து. காத்து அடிச்சா எல்லா எலையும் ஆடும், எது குருவி எது எலைன்னு தெரியாது, சத்தமும் கேக்காது, குருவியும் வாய மூடிக்கிட்டு கீழ புதருக்குள்ள போயிரும். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீட்டருக்கு மேல, நெறைய எடம் திறந்த பத்தனை, அதாவது வெறும் புல்வெளி, ஒதுங்க எடம் கெடையாது. அங்க வருசத்து சராசரி வெப்பமே 13 பாகை கிட்டத்தான், அதுல நனைஞ்ச ஜீன்ஸும் காத்தும் சேந்தா பிள்ளைகளுக்கு காய்ச்சல் இல்ல, அத விட பெரிய பிரச்சினை வரும். ஒடம்பு நடுங்க ஆரம்பிச்சு, பேச்சு குழறி, நடக்க ஏலாம உக்காந்துச்சின்னா 9 கிலோமீட்டர் சுத்து பாதையில நடுவுல நின்னுக்கிட்டு என்ன செய்வீங்க? வேன் கிட்ட வராது. உலக முடிவுல மிஸ்ட்டுன்னா வெள்ளைச்சுவர் மட்டும்தான் தெரியும், அதுக்கு டிக்கட் காசு வேற. ஹோர்ட்டன வெட்டி விடுங்க, வெயில் காலத்துல போய்க்கலாம்.

அதுக்கு பதிலா விக்டோரியா பார்க்க பின்னேரத்துல வைக்காம காலையில வைங்க, தொறந்த உடனே. டவுனுக்கு நடுவுல இருக்கிறதால பல பேரு அத ஏதோ சின்னப்பிள்ளைக ஊஞ்சல் ஆடுற எடம்னு நெனச்சிருக்காங்க. வெளிநாட்டுல இருந்து பெரிய பெரிய லென்ஸ தூக்கிட்டு வாறவன் நேரா அங்கதான் வாறான், எதுக்கு? காஷ்மீர் ஃப்ளைகேச்சர். அங்க காஷ்மீர் பக்கம் குஞ்சு பொரிச்சிட்டு பனிக்காலத்துக்கு நம்ம மலைக்கும் நீலகிரி பக்கமும் தான் வருது, உலகத்துல கொஞ்சமா தான் இருக்கிற குருவி. ஆண் குருவிக்கு நெஞ்சு செம்மஞ்சள், ரெண்டு பக்கமும் கறுப்புக்கோடு. அப்புறம் பைட் த்ரஷ், கறுப்பு வெள்ளை, இமயமலையில இருந்து வாறது, பார்க்குக்குள்ள ஓடுற அந்த ஓடைக்கரையில குப்பை கூளத்துக்குள்ள கிண்டிக்கிட்டு இருக்கும். ஓடை நாறும், மூக்க பொத்திக்கிட்டு பாருங்க. ஆறுமணிக்குருவியும் அதே எடத்துல கெடைக்கும். நடக்கவே தேவையில்ல, ஓடைக்கு கிட்ட ஒரு மூலையில அசையாம நில்லுங்க.

மழை கூடினா ஒதுங்க மண்டபம் இருக்கு, டொய்லட் இருக்கு, வெளிய வந்தா சூடா பிளேன்டீ இருக்கு. 20 பேரோட போறவனுக்கு இது தான் முக்கியம். பின்னேரத்துக்கு நேரம் இருந்தா ஹக்கல தாவரவியல் தோட்டம், 10 கிலோமீட்டர் தான், மஞ்சக்காது கொண்டைக்குருவி அங்க நிச்சயம்.


ஊவாக்காரி:

மேல சொன்ன அண்ணன் குருவிய பத்தி சொன்னதெல்லாம் சரி, ஆனா ரோட்ட பத்தி ஒருத்தரும் கதைக்கல. ஹக்கல போங்கன்னு அவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்க. நான் வெலிமடை பக்கம், அந்த ரோட்டுல தான் தெனம் போயி வாறேன். டிசம்பர்ல வடகீழ் பருவ மழை எங்க பக்கத்து சரிவுல தான் மொத அடி அடிக்கும், அட்டன்ல லேசா தூறிக்கிட்டு இருக்கும்போது இங்க வானம் பொத்துக்கிட்டு ஊத்தும். உங்க வீட்டு வாசல்ல நின்னு வானத்த பாத்து முடிவு எடுக்காதீங்க.

2014 அக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தைல தோட்டத்து வீடுக லயன் லயனா மண்ணுக்குள்ள போச்சு, அது எங்க மாவட்டம். 2025 நவம்பர் கடைசில டித்வா புயலுக்கு மலையகம் முழுக்க என்ன ஆச்சின்னு இந்த எடத்துல யாருக்கும் சொல்லத் தேவையில்ல. அப்ப அசைஞ்ச சரிவு எத்தனையோ இன்னும் எளகித்தான் கெடக்கு, சின்ன மழைக்கும் கல்லு உருளுது.

அதனால தம்பி, வெள்ளிக்கிழமை ராத்திரி செய்ய வேண்டிய வேலை இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைய பிரதேச செயலகப் பிரிவு பேரு போட்டு வெளியிடும், தமிழ்லயும் வரும். மஞ்சள்னா விழிப்பா இரு, செம்மஞ்சள்னா வெளியேற தயாரா இரு, சிவப்புன்னா வெளியேறு. உங்க ஊரு பேரு மட்டும் தேடாதீங்க, போற வழியில இருக்கிற எல்லா பிரிவையும் பாருங்க. அம்பகமுவ, தலவாக்கலை, நுவரெலியா, எல்லாம். எந்த ஒண்ணுல செம்மஞ்சள் இருந்தாலும் போகாதீங்க, அட்வான்ஸ் போனா போகட்டும். மஞ்சள்னா பகல்ல மட்டும் ரோட்டுல இருங்க. விடிய 3 மணிக்கு இருட்டுல கெளம்புறத மொதல்ல விடுங்க, கல்லு விழுந்து கெடந்தா லைட்டு வெளிச்சத்துல கிட்ட போனதுக்கு அப்புறம் தான் தெரியும். அவசரம்னா 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம், அந்த நம்பர எல்லா பிள்ளைக போன்லயும் போட்டு வைங்க.

இன்னொண்ணு. 24 மணி நேரத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினாலே அவங்க விழிப்பா இருக்கச் சொல்ற அளவு வந்துரும், 100 தாண்டினா அடுத்தது, 150ன்னா வெளியேறுறது. தோட்டத்து ஆபீஸ்ல மழை அளக்குற மானி இருக்கும், தெனம் காலையில எழுதி வைப்பாங்க. கிளார்க்கர் கிட்ட கேட்டா சொல்லுவார், ரேடியோல சொல்றத விட அது உங்க சரிவுக்கு கிட்டத்து கணக்கு.

ரோட்டோரம் வேன நிப்பாட்டி குருவி பாக்குற பழக்கம் இருக்கே, மழையில வெட்டுன மண்மேட்டுக்கு கீழ நிப்பாட்டவே கூடாது. அந்த எடத்துல எந்த குருவி வந்தாலும் சரி.


பனிமூட்டம்:

அக்கா சொல்றது சரி, நான் ரோட்ட யோசிக்காம இல்ல, ஹக்கல "நேரம் இருந்தா"ன்னு தான் போட்டேன். மழை இருந்தா அத எடுத்துருங்க. ஆனா நானுஓயா வழியா நுவரெலியா வாறது மஞ்சள் வரைக்கும் பகல்ல பரவால்லன்னு தான் எனக்கு படுது. தம்பி 6 மணிக்கு கெளம்பினா கூட எட்டு எட்டரைக்கு பார்க்குல நிக்கலாம், மூடுன வானத்துல அது ஒண்ணும் லேட் இல்ல.


லென்ஸ் மாமா:

பைனாக்குலர் பத்தி யாரும் சொல்லலியே. உள்ளுக்க பூசணம் பிடிச்சத பிள்ளைக கையில குடுக்காதீங்க, கண்ணு வலிக்கும், ஒண்ணும் தெரியாது, பிள்ளை தனக்கு தான் பாக்க தெரியலன்னு நெனச்சிக்கும். மூணே போதும்.

மிஸ்ட்டுல 10 மடங்கு பெருசா காட்டுறத விட 8 மடங்கு நல்லது. காரணம் இருக்கு, முன் கண்ணாடி 42 மில்லின்னு வைங்க, அத 8ஆல வகுத்தா கண்ணுக்கு வாற வெளிச்சத்தோட அகலம் 5.25 மில்லி, 10ஆல வகுத்தா 4.2 தான். இருட்டுற வானத்துல அந்த வித்தியாசம் நல்லா தெரியும். கையும் குளிர்ல நடுங்கும்ல, 10ல அந்த நடுக்கமும் பெருசா தெரியும். மிஸ்ட்டுக்குள்ள தூரத்து குருவி எதுலயும் தெரியாது, கிட்டத்து குருவிய வெளிச்சமா பாக்குறது தான் வேலை.

கண்ணாடியில ஆவி படியும். மூச்சு படாம பிடிங்க, முகமூடி போட்டுக்கிட்டு பாத்தா நேரா மேல வந்து படியும். சட்டை நுனியால தொடைக்க கூடாது, மண்ணு தூசி இருந்தா கீறிரும், ஊதி விட்டு பஞ்சுத்துணியால ஒத்தி எடுங்க. வேனுக்குள்ள 20 பேரு மூச்சு விட்டு சூடா இருக்கும், அங்க இருந்து வெளிய வந்தா ஒண்ணும் ஆகாது, வெளியில குளிர்ந்து கெடந்தத உள்ள கொண்டு போனா தான் முழுக்க வேர்க்கும், அதனால ஏறும்போது பையில போட்டு மூடிருங்க. வீட்டுக்கு வந்து பையில வச்சே மறந்துறாதீங்க, நாம குளிர் காஞ்ச அடுப்பங்கரையிலயும் வைக்காதீங்க, காத்தாட ஒரு மேசையில மூடி இல்லாம விட்டு மறுநாள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட டப்பால போடுங்க. உங்க பழசுக்கு பூசணம் வந்ததே இப்படி ஏதாச்சும் ஒரு மழைக்கு அப்புறமா தான் இருக்கும்.

போன்ல மெர்லின் ஆப்ப போட்டு இலங்கைக் குருவிகளோட பெக்க (தகவல் தொகுப்ப) வீட்டு வைஃபைல எறக்கி வச்சிக்கங்க. சத்தத்த கேட்டு பேரு சொல்லும். ஆனா மழை எலையில விழுகிற சத்தத்துல கொழம்பும், அது சொல்றத அப்படியே எழுதாதீங்க, குருவிய பாத்தோ நீங்களே திரும்ப கேட்டோ உறுதி பண்ணுங்க. குருவி சத்தத்த ஸ்பீக்கர்ல போட்டு கூப்பிடுற வேலை மட்டும் வேணாம். மழை நாள்ல அதுக்கு இரை தேட கெடைக்கிறதே கொஞ்ச நேரம், அதையும் பொய்ச் சண்டைக்கு இழுத்து வீணாக்க கூடாது. சில கைடுமாரே செய்றாங்க, பாத்தா எரிச்சலா வரும்.


டிக்கோயா பையன்:

எல்லாருக்கும் சரியான நன்றி. ஹோர்ட்டன் கேன்சல், பயலுக மொகம் சுண்டிப் போச்சு ஆனா அம்மாமாருக்கு சந்தோசம். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து பக்கத்த போன்ல சேவ் பண்ணிட்டேன், ஊவா அக்கா சொன்ன மாதிரி செம்மஞ்சள் வந்தா போறதில்லன்னு குரூப்ல இப்பவே எழுதிப் போட்டுட்டேன், அப்பதான் கடைசி நேரத்துல யாரும் வாக்குவாதம் பண்ண மாட்டாங்க.

இன்னும் ரெண்டு விசயம் ஓடுது. பிள்ளைக முழுக்க புதுசு. மண்டபத்துல மழைக்கு ஒதுங்கி ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தா போன நோண்ட ஆரம்பிச்சிருவாங்க, அந்த நேரத்துல என்ன செய்றது? அடுத்தது உடுப்பு. எல்லார் கிட்டயும் நல்ல ரெயின்கோட் கெடையாது, வாங்கிக் குடுக்க எங்ககிட்ட காசும் கெடையாது.


கொத்மலை டீச்சர்:

தம்பி, பாடசாலைப் பிள்ளைகள கூட்டிட்டு போற ஆளு நான், சொல்றேன்.

20 பேரும் ஒரே கூட்டமா போகாதீங்க. மூணு பைனாக்குலர்னா மூணு குழு, ஒவ்வொண்ணுலயும் ஒரு பெரியவரு, ஒரு அம்மா. ஒரு குழு ஓடைக்கிட்ட, ஒண்ணு பெரிய மரத்துக்கு கீழ, ஒண்ணு மண்டபத்துல, இருபது நிமிசத்துக்கு ஒருக்கா எடம் மாறுங்க. ஏழு பேரு நின்னா குருவி பொறுத்துக்கும், இருபது பேரு நின்னா பார்க்குல காக்கா கூட இருக்காது. பைனாக்குலர் இல்லாத பிள்ளைக்கு கொப்பியும் பென்சிலும் குடுங்க. பேனா வேணாம், ஈரத்துல மை ஓடிரும்.

மழைக்கு ஒதுங்கி இருக்கிற நேரம் தான் காதுக்கு வேலை. ஒவ்வொரு பிள்ளையும் தாளுல ஒரு வட்டம் போட்டு நடுவுல தன்ன ஒரு புள்ளியா வைக்கட்டும். கண்ண மூடிக்கிட்டு எந்தப் பக்கம் சத்தம் வருதோ அந்தப் பக்கம் ஒரு குறி, கிட்டன்னா புள்ளிக்கு கிட்ட, தூரம்னா ஓரத்துல. பேரு தெரியணும்னு இல்ல, "விசில் மாதிரி", "கதவு கிறீச்சுங்கிற மாதிரி"ன்னு எழுதினா போதும். அஞ்சு நிமிசம் கழிச்சு பக்கத்து பிள்ளை தாளோட வச்சுப் பாக்க சொல்லுங்க, சண்டையே வரும், நல்ல சண்டை. குடைக்கு கீழ நின்னு இத செய்ய ஏலாது, குடையில மழை விழுகிற சத்தம் எல்லாத்தையும் அமுக்கிரும், ரெயின்கோட் தொப்பியும் காத மூடும். கூரையோ பெரிய மரமோ வேணும்.

காதால தேடுறது சின்னப்பிள்ளை வெளையாட்டுன்னு பெரியவங்க நெனச்சா செரண்டிப் ஸ்கொப்ஸ் ஆந்தை கதைய சொல்லுங்க. தீபால் வரகாகொட 1995ல கித்துல்கல காட்டுல ராத்திரி ஒரு சத்தம் கேட்டார், தெரிஞ்ச எந்த ஆந்தையோடயும் சேராத சத்தம். ஆள காணல. 2001ல தான் சிங்கராஜால கண்ணால பாத்தாரு. 2004ல புது இனம்னு முறைப்படி எழுதினாங்க. அதுக்கு முன்னாடி இலங்கையில புதுசா கண்டுபிடிச்ச குருவி மேல பனிமூட்டம் சொன்ன அதே விசிலிங் த்ரஷ், அது 1868ல. நூத்தி முப்பது வருசத்துக்கு மேல இனி புதுசா ஒண்ணும் இல்லன்னு இருந்த நாட்டுல, ஒரு ஆளு காத நம்பினதால ஒரு ஆந்தை கெடைச்சுது. எங்க பிள்ளைகளுக்கு நான் இத சொன்னா அடுத்த பத்து நிமிசம் ஒரு சத்தம் இருக்காது, நீங்களே பாருங்க.

பாத்தத எல்லாம் ஈபேர்ட்ல, அதாவது குருவி பாத்த கணக்க பதியிற இணையத்தளத்துல போடுங்க. தொடங்கின நேரம், எவ்வளவு நேரம், எத்தனை பேரு, மழையா மிஸ்ட்டான்னு குறிப்பு. ஆறு இனம் தான் பாத்தீங்கன்னா ஆறையே போடுங்க, வெயில் நாளு லிஸ்ட்ட பாத்து கூட்டி எழுத வேணாம். எல்லாரும் நல்ல நாள்ல மட்டும் போயி எழுதினா மழை நாள்ல குருவி என்ன செய்யுதுன்னு யாருக்கு தெரியும்? பிள்ளைக ஆர்வமா இருந்தா அப்புறமா கொழும்பு பல்கலைக்கழகத்துல இருக்கிற களப் பறவையியல் குழுவ பத்தி சொல்லி வைங்க, 1976ல இருந்து இயங்குது, மாணவர்கள சேத்துக்குறாங்க.

உடுப்புக்கு காசு செலவு பண்ணாதீங்க. கொழுந்து எடுக்கிற அம்மாமாரு கிட்டயே கேளுங்க, மழையில நாள் முழுக்க மலையில நிக்கிறவங்கள விட இது யாருக்கு தெரியும்? இடுப்புல கட்டுற படங்கு, தலைக்கு மேல போடுற பொலித்தீன், எல்லாம் வீட்டுலயே இருக்கு. பெரிய குப்பைப் பையில தலைக்கும் கைக்கும் ஓட்ட போட்டாலும் ரெயின்கோட் தான், நடந்தா கொஞ்சம் சரசரக்கும், ஒரு எடத்துல நிக்கிறவனுக்கு அது பிரச்சினை இல்ல. ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா காயாது. கம்பளி ஸ்வெட்டர் நனைஞ்சாலும் சூடு பிடிக்கும். மாத்து சொக்ஸ், மாத்து சட்டை ஒவ்வொருத்தருக்கும் பொலித்தீன்ல சுத்தி வேன்லயே இருக்கட்டும். மறந்து வந்த பிள்ளைக்கு நுவரெலியா டவுன்லயே பேல் கடையில பழைய ஜாக்கெட் கொறஞ்ச வெலைக்கு வாங்கலாம்.


கினிகத்தேனை:

நான் ஒண்ணு சொல்லட்டா, எல்லாரும் ஏன் கெழக்க பாத்தே ஓடுறீங்க? டிசம்பர் மழை அந்தப் பக்கத்து மழைன்னு ஊவா அக்காவே சொல்லிட்டாங்க. மேற்கு சரிவுக்கு வாங்க. தென்மேற்கு பருவத்துல, மே மாசம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் எங்க ஊருல தான் ஊத்தும், இப்ப காலையில பெரும்பாலும் வெளிச்சமா இருக்கும், பின்னேரம் தான் இடி மின்னல். கித்துல்கல ஒங்களுக்கு எறக்கம் தானே. டீச்சர் சொன்ன ஆந்தையோட காடு அதுதான், பகல்ல ஆந்தை தெரியாது, ஆனா மஞ்சநெத்தி குக்குறுவான், காட்டுக்கோழி, செம்முதுகு சின்ன ஆந்தை, பூங்குருவி எல்லாம் இருக்கு. குளிரும் இல்ல.


ஊவாக்காரி:

தாழமுக்கம் இருக்கும்போது கெழக்கு மேற்குன்னு கணக்கு பாக்க ஏலாது தம்பி, டித்வா நாள்ல எல்லாப் பக்கமும் தான் கொட்டுச்சு. சும்மா பருவ மழைன்னா நீங்க சொல்றது சரி. கினிகத்தேனை ரோட்டுலயும் மண்மேடு இல்லையா என்ன, கடவளை வளைவெல்லாம் எனக்கு தெரியாதா?


பனிமூட்டம்:

கித்துல்கல நல்ல எடம், ஆனா புதுப் பிள்ளைகளுக்கு வேணாம்னு நெனைக்கிறேன். உள்ளுக்க காடு அடர்த்தி, குருவி எல்லாம் ஒசரத்துல, மழைக்காலத்துல ஆத்த கடந்து போறதும் சொல்ல ஏலாது. அட்டை வேற, மழை விட்ட நேரத்துல கால வச்சா தொங்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அட்டை புதுசில்ல தான், அம்மாமாரு சவர்க்காரத்த காலுல பூசிக்கிட்டு போற பழக்கத்துல இருப்பாங்க, ஆனா மொத தரம் குருவி பாக்குற பிள்ளை காலையே குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தா குருவிய எப்ப பாக்கும்? பெப்ரவரில வேணும்னா போங்க.

இடி மின்னல் பத்தி கினிகத்தேனை சொன்னது முக்கியம், யாரும் சொல்லல. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 எண்ணுறதுக்குள்ள சத்தம் வந்துச்சின்னா வேனுக்குள்ளயோ கட்டடத்துக்குள்ளயோ போயிரணும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளிய வரக்கூடாது. திறந்த எடத்துல குடையும் கேமரா ஸ்டாண்டும் பிடிச்சிக்கிட்டு நிக்கிற வேலை கூடாது, தனி மரத்துக்கு கீழயும் ஒதுங்க கூடாது. பார்க் மண்டபத்துல சுவரு இல்லன்னா அதுவும் பாதுகாப்பு இல்ல, வேன் தான்.


லயத்து வாசல்:

செம்மஞ்சள் வந்து போக ஏலாம போச்சின்னா அந்த நாள வீணாக்காதீங்க, பாவம் பிள்ளைக. தோட்டத்துலயே செய்யலாம். ஸ்டோர் (தேயிலை ஃபெக்டரி) கட்டடத்துல ஹில் ஸ்வாலோ இருக்கும், மழைக்கு முன்னாடி தரைய ஒட்டி பறக்கும். தேயிலை மேல ஒரு குச்சியில தனியா ஒரு கீச்சான் உக்காந்து தலைய அங்க இங்க திருப்பிக்கிட்டு இருக்கும், அது சைபீரியா பக்கத்துல இருந்து வந்தது, நம்ம பிள்ளைக தெனம் பாத்தும் காக்கா குருவின்னு விட்டுருவாங்க. பீலி தண்ணி ஓடுற எடத்துல வாலாட்டி, அடிவயிறு மஞ்சள், வால ஆட்டிக்கிட்டே கல்லுக்கு கல்லு தாவும், அதுவும் வெளிநாட்டு ஆளு தான். முள்முருங்கையில வெள்ளைக்கண்ணி. எல்லாம் வாசல்ல நின்னே பாக்கலாம், டீச்சர் சொன்ன வட்டம் போடுற வேலைய லயத்து இஸ்தோப்புலயே (முன் திண்ணையிலயே) பண்ணலாம். ஆனா சரிவுல தண்ணி திடீர்னு கலங்கலா வந்தாலோ, ஊத்து இல்லாத எடத்துல ஊத்து வந்தாலோ, மரம் சாஞ்சாலோ, சுவருல புதுசா வெடிப்பு தெரிஞ்சாலோ குருவிய விட்டுட்டு ஆளுகள கெளப்புங்க, அது வீட்டுல இருந்தாலும் அதே தான்.

சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்ட சம்பலும் கட்டிக்கங்க. சோறு ஆறிப் போச்சின்னா குளிர்ல யாரும் தொட மாட்டாங்க.


டிக்கோயா பையன்:

முடிவு இது தான். வெள்ளி ராத்திரியும் சனி விடிய 5 மணிக்கும் எச்சரிக்கைய பாப்போம். மஞ்சளோ அதுக்கு கீழயோன்னா 6 மணிக்கு கெளம்பி விக்டோரியா பார்க் மட்டும், 2 மணிக்கு திரும்பிருவோம். செம்மஞ்சள்னா தோட்டத்துல, ஸ்டோர் பக்கம் இருந்து தொடங்குவோம். குழு பிரிச்சிட்டோம், பென்சில் வாங்கியாச்சு. எங்கம்மா படங்கு நாலு தாறேன்னு சொல்லிட்டாங்க, "குருவி பாக்க படங்கா"ன்னு ஒரு சிரிப்பு.


தலவாக்கலை தங்கச்சி:

அண்ணே வேன்ல ரெண்டு எடம் இருக்குமா? நானும் என் ஃப்ரெண்டும் டவுன்ல ஏறிக்கிறோம். எங்ககிட்ட 8 மடங்கு பைனாக்குலர் ஒண்ணு இருக்கு, பூசணம் இல்ல.


டிக்கோயா பையன்:

இருக்கு தங்கச்சி, பைனாக்குலரோட வந்தா முன் சீட்டே தாறோம் :) மஸ்கெலியா வேன் ட்ரைவர் நம்பர உள்பெட்டில அனுப்புறேன். வெள்ளி ராத்திரி 9 மணிக்கு பாருங்க, போறதா இல்லையான்னு இங்கயும் போடுறேன்.